நீலம் மாறாத மணிகள்

பெட்டிக்குள் இருந்த, ஈரம் உறிஞ்சும் மணிகள் கட்டிய ஆறு சாக்ஸ்களையும் காலையிலேயே வெளியே எடுத்துவிட்டார். அப்படியும் சாயங்காலம் பார்த்தால் ஈரப்பதமானி இருபத்தேழு காட்டுகிறது. காலையில் முப்பத்தொன்று. ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது.

லென்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இருபத்தேழேதான். வெளியே ஒன்பது நாளாக ஓயாத மழை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் கதவைத் தட்டினால்கூடக் கேட்காது. வாசல்படிக்கு ஒரு விரல் கீழே தெருத்தண்ணீர் நின்றது. தெரு முழுக்க ஊறிப்போன சாக்கும் சேறும் நாறின. இந்த லட்சணத்தில் மாவு கொட்டி வைக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் மட்டும் பாலைவனமாம்.

"சனியன், மீட்டர் செத்துப்போச்சு" என்று சத்தமாகவே திட்டினார்.

அந்தத் தெருவில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது. லென்ஸ்காரர் என்றால்தான் தெரியும். கேமராவோ மைக்ரோஸ்கோப்போ, கண்ணாடி வைத்த எந்தச் சாமானுக்குள் பூஞ்சை பிடித்தாலும் அவர் மேசைக்குத்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டைப் போல் பூஞ்சைக்குத் தோதான வீடு அந்த வட்டாரத்திலேயே இல்லை. தரைத்தளம், வெயில் எட்டிப் பார்க்காத ஜன்னல், வருஷம் முழுக்க வியர்த்து ஒழுகுகிற பின்சுவர். போன மழைக்காலத்தில் மூன்று லென்ஸ்கள் போயின, மூன்றும் அடுத்தவர் சாமான். சுத்தம் செய்து பத்திரமாக வைத்ததை இரண்டு வாரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல்நூலாக ஊர்ந்திருந்தது. அதைத் துடைத்துவிடலாம். அது தின்றுவிட்டுப் போன தழும்பைத் துடைக்க முடியாது. வாடிக்கையாளர் முன்னால் நின்று தலையைச் சொறிந்தது இன்னும் அவருக்கு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

லென்ஸ் வைப்பதற்கென்றே மின்சார அலமாரி விற்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்த டப்பா. மூடியில் ரப்பர் விளிம்பு, நாலு பக்கமும் கொக்கி. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளைப் பழைய சாக்ஸில் கட்டிப் போட்டு, ஒரு சின்ன ஈரப்பதமானியையும் வைத்தால் முடிந்தது. நாற்பதிலிருந்து நாற்பத்தைந்துக்குள் நின்றால் லென்ஸுக்குச் சுகம். அறுபதைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். முப்பதுக்குக் கீழே போனால் வேறு வம்பு: உள்ளே தடவிய கிரீஸ் இறுகும், ரப்பர் வெடிக்கும், கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போகும்.

செருப்புக்கடைகளில் பொறுக்கிய மணிகளை வைத்துத்தான் முதலில் பார்த்தார். நீலமாகப் போட்டால் இரண்டே நாளில் ஈரம் குடித்து ரோஜா நிறமாகிவிடும். வாணலியில் போட்டு வறுத்தால் ஈரம் போய் மறுபடி நீலம். மறுபடி ரோஜா. மறுபடி வாணலி. "வறுத்தாத்தான் இதுங்களுக்குப் பசி எடுக்கும்" என்று அவர் சொல்ல, "எனக்குப் பசிக்குதே, அந்த அடுப்ப எப்ப விடுவீங்க?" என்று மனைவி கேட்பாள்.

பழைய இரும்புக் கடைக்காரரிடம் ஒரு டின் கிடைத்தது அப்போதுதான். மூடியில்லாத டின், நிறைய நீல மணிகள், ஒவ்வொன்றும் கோலிக்குண்டில் பாதி. அதை ஆறு சாக்ஸில் கட்டிப் போட்டார். மறுநாளே நாற்பத்துநாலு. ஒரு வாரம் ஆகியும் நாற்பத்துநாலு. நிறமும் மாறவில்லை. அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் மணியை வறுக்க வேண்டும் என்று கை பழகிவிட்டதே! நீலமாகவே இருந்த மணிகளை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அரைமணி நேரம் வறுத்தார். முப்பத்தெட்டு ஆனது. அடுத்த ஞாயிறும் வறுத்தார். அதற்கடுத்த ஞாயிறும்.

இப்போது இருபத்தேழு. அதுவும் மணிகளை வெளியே எடுத்த பிறகு.

"யாரத் திட்டறீங்க?" என்று உள்ளறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உன்னையில்ல. நீ கண்ண மூடிப் படு."

ஆறு வாரத்துக்கு முன்பு அவளுடைய வலது கண்ணில் வேறொருவர் கருவிழியை வைத்துத் தைத்திருந்தார்கள். இடது கண் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்து மங்க மங்க, பக்கத்தை மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்த்து, கடைசியில் அதுவும் முடியாமல் வீட்டில் உட்கார்ந்தவள். டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார்: தையல் பிரிகிறவரை கண் காயவே கூடாது, மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து, காய்ந்தால் போச்சு, இன்னொன்று கிடைக்காது. ஒரே கண்ணாயிற்றே என்று லென்ஸ்காரரும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணிக்கொரு தரம் மருந்து விட்டார். அந்த அறுவைக்குப் பயன்பட்ட மைக்ரோஸ்கோப்பின் லென்ஸும் பூஞ்சை பிடித்து இப்போது அவரிடம்தான் வந்திருந்தது. டப்பாவில் இருந்த பத்தில் அதுவும் ஒன்று.

மீட்டரைச் சோதிக்க அவருக்கு ஒரு வழி தெரியும். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு பையில் கட்டிவைத்தால் சில மணி நேரத்தில் எழுபத்தைந்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மீட்டர் பொய். கட்டி மேசைமேல் வைத்துவிட்டு, சாக்ஸ்களை என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலி முதுகில் வரிசையாகத் தொங்கவிட்டார். படுக்கப் போகும்போது பார்த்தார். சரியாக எழுபத்தைந்து. அட, மீட்டர் உண்மைதான் பேசியிருக்கிறது. அந்த எரிச்சலிலேயே தூங்கிப்போனார்.

காலையில் பையைப் பிரித்தால் மூடிக்குள் உப்பு பாறையாக இறுகி நடுவில் வெடித்திருந்தது. கட்டிய கட்டு அப்படியே இருந்தது. மீட்டர் பத்தொன்பது. அறையின் ஈரம் பார்ப்பதற்கென்று அலமாரியில் இன்னொரு மீட்டர் இருந்தது. ஒன்பது நாளாக எண்பத்தெட்டிலேயே குந்திக்கொண்டிருந்த அதுவும் முப்பத்தாறுக்கு வந்திருந்தது.

பின்சுவரில் கையை வைத்துப் பார்த்தார். குடிவந்த நாளிலிருந்து கை வைத்தால் ஒட்டுகிற சுவர். இப்போது சுண்ணாம்பு உதிர்ந்தது.

"என்னங்க, துணியெல்லாம் காஞ்சிருச்சு!" மனைவி கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். குரலில் சந்தோஷம். "ஒரு வாரமா நாறிக்கிட்டு இருந்துச்சு. உங்க மணிக்குச் சுத்திப் போடணும்."

துண்டை வாங்கினார். பலகை மாதிரி நின்றது. மடித்தால் மடிப்பில் நூல் முறிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. குளியலறைச் சோப்பு நடுவில் பிளந்து கிடந்தது. மூடிவைத்த குடத்தில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. மேசை டிராயர் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது, மழைக்காலத்தில் அதைத் திறக்க எப்போதும் காலை ஊன்றி இழுக்க வேண்டும். அவர் உதட்டை நக்கிக்கொண்டார். நக்கிய இடம் உடனே காய்ந்தது. வீட்டில் எந்த வாசமும் இல்லாததை அப்போதுதான் கவனித்தார். பூஞ்சை நாற்றம், சேறு நாற்றம், தேநீர் வாசம், எதுவும் இல்லை.

"கண்ணு லேசா உறுத்துது" என்றாள்.

மருந்துப் புட்டியை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. முந்தைய நாள்தான் பிரித்த புட்டி. வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளைத் தூள். புதுப் புட்டியின் முத்திரையைத் திருகி உடைத்தார். அதற்குள்ளும் தூள்தான்.

அவருக்குக் கோபம் வந்தது. பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு எப்போதும் கோபம்தான் வரும். இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அந்த மணி டின் எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன் சார், வேலை செய்யலையா?"

"அளவுக்கு மீறிச் செய்யுது. உயிர வாங்குது."

"எங்க வெச்சிருக்கீங்க அத?"

"வீட்டுக்குள்ளதான். பெட்டியில போட்டு மூடியிருந்தேன். நேத்துதான் வெளியில எடுத்தேன்."

"நான் கூரை இல்லாத எடத்துல போட்டிருந்தேன் சார். ரெண்டு மழைக்காலம் அதுமேல பேஞ்சுது. ஒருநாள்கூட அந்த டின்ல தண்ணி நின்னதில்ல."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"கேக்கலையே சார் நீங்க. சும்மா கெடந்துச்சு, ஒரு தொந்தரவும் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ஏதும் அதைச் சூடு கீடு பண்ணலையே?" என்றார்.

"மூணு தடவ வறுத்தேன்."

"எதுக்கு சார்? அதான் நெறமே மாறலையே!"

"ஞாயித்துக்கிழமைன்னா வறுத்துப் பழக்கம்."

"சார்" என்றார் கடைக்காரர். "வீட்ல உங்களோட யாரு இருக்காங்க?"

போனை வைத்துவிட்டார். உடனே டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். புட்டி காலி என்றதும் டாக்டரம்மா பதறிப்போனார். பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறதாம், வண்டி அனுப்புகிறேன், அரைமணி நேரமாவது ஆகும் என்றார். "அதுவரைக்கும் கண்ண மூடி ஈரத்துணி போட்டு வைங்க. காய விடாதீங்க. பக்கத்துலயே உக்காந்து நனைச்சுக்கிட்டே இருங்க. வேற எந்த வேலையும் பாக்காதீங்க, சொல்லிட்டேன்."

மனைவியைப் படுக்கவைத்து, பஞ்சுத் துணியை நனைத்துக் கண்மேல் போட்டார். குடத்தைக் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தார். பகல் பத்து மணிக்கே அறை இருட்டிக்கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை திரையாக இறங்கியது. ஜன்னலைத் திறந்து கையை நீட்டினார், கை நனைந்தது. உள்ளே இழுத்தார். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை தண்ணீர் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போவதை அவர் கண்ணெதிரே பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டப்பாவின் ரப்பர் விளிம்பு இத்தனை நாளும் லென்ஸை வீட்டிலிருந்து காப்பாற்றவில்லை. வீட்டை அந்தச் சாக்ஸிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டவர் அவர்தான்.

"இதோ வந்துட்டேன். துணிய எடுக்காத" என்று துணியை ஒருமுறை சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு முன்னறைக்கு ஓடினார். சாக்ஸ்களை டப்பாவில் அடைத்து, மூடி, தெருத்தண்ணீரில் எறிய வேண்டும். ஒரு நிமிஷ வேலை.

ஆனால் டப்பாவுக்குள் பத்து லென்ஸ்கள் இருந்தன. அடுத்தவர் சாமான். அப்படியே கையால் அள்ளிக் கொட்ட முடியுமா? போன வருஷத்து மூன்று போதாதா? முதல் லென்ஸைத் தாளில் சுற்றினார். இரண்டாவதில் விரல் ரேகை பட்டுவிட்டது, துடைத்துவிட்டுச் சுற்றினார். நாலாவது டாக்டரம்மாவுடையது. அதை விளக்கருகே பிடித்து ஓரங்களைப் பார்க்காமல் வைக்க அவர் கைக்குத் தெரியவில்லை. சுத்தமாக இருந்தது. அடச்சே, இதற்கா இப்போது நேரம் என்று தன்னையே வைதுகொண்டார். வைதுகொண்டே ஐந்தாவதைத் துடைத்தார்.

பத்தையும் முடித்து நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது.

நாற்காலியிலிருந்து சாக்ஸ்களை எடுத்து அடைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

ஐந்துதான்.

நாற்காலிக்குக் கீழே பார்த்தார். மேசைக்குப் பின்னால். அலமாரி மேல்.

"இங்க ஆறு சாக்ஸ் தொங்கிச்சே! இன்னொண்ணு எங்க?" என்று கத்தினார்.

உள்ளறையிலிருந்து பதில் வந்தது. காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு குரல்.

"நேத்து தலையாணி ஒரே பூஞ்சை நாத்தம். ஒண்ண எடுத்து உறைக்குள்ள போட்டுக்கிட்டேன். ஏன், வேணுமா?"

அலமாரி மீட்டர் மூன்று காட்டியது. அவர் பார்க்கும்போதே இரண்டானது.

ஓடினார். நாலு எட்டுதான். காலடியில் தரை பொருக்குப் பொருக்காக நொறுங்கியது. குடம் கட்டிலடியில் இருந்தது. காலி. உள்ளே துடைத்தாற்போல் சுத்தம். துணி தரையில் கிடந்தது. மிதித்தார். பொடியானது.

அவள் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பார்த்தபடி. முதுகு நேராக. அசையாமல்.

தலையணையைக் கிழித்தார். சாக்ஸைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசினார். எத்தனையோ ஈரத்தைக் குடித்த சாக்ஸ். கையில் எடையே இல்லை.

"ஏம்மா. கண்ண மூடு. மூடு, சொல்றேன்ல."

மூடவில்லை.

"என்னங்க" என்றாள். உதடு சரியாகப் பிரியவில்லை. "இப்ப உறுத்தலே இல்ல."

அவருக்கு அழுகை முட்டியது. நெஞ்சு குலுங்கியது. கண்ணில் ஒன்றும் வரவில்லை.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள். "இவ்வளவு தெளிவா எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல."

அவள் இமைக்கவில்லை. அவர் வந்ததிலிருந்து ஒருமுறைகூட.

குனிந்து பார்த்தார். வேறு எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கவாட்டில் தலையைச் சாய்த்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு, வெளிச்சத்துக்கு எதிராக. தையல் இல்லை. சிவப்பு நரம்பு இல்லை. கருமணி இல்லை. ஒரு நூல், ஒரு புள்ளி, ஒரு கீறல் இல்லை. முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கண்ணாடி அவர் கைக்கு வந்ததில்லை.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. யாரோ தண்ணீரில் இறங்கி ஓடிவரும் சத்தம்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். அவள் தலைக்குப் பின்னால் இருந்த சுவரில், இருட்டில், அவள் கண்ணைக் கடந்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெளிச்சம் விழுந்திருந்தது. நல்ல லென்ஸ் எதுவானாலும் அப்படித்தான் விழும். அதற்குள் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. கம்பிகள் துல்லியமாக, ஒன்றுகூடப் பிசிறாமல். கம்பிகளுக்கு அப்பால் மழை, கீழேயிருந்து மேலே பெய்துகொண்டிருந்தது.